ஈறில் ரத்தம் வந்தால் முதலில் எது: எக்ஸ்-ரே படமா, புரோப் அளவா?

வேலூரில் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய ஒரு காட்சி உண்டு. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பெரிய உறையை மேசைமீது வைப்பார். உள்ளே ஓ.பி.ஜி. எனப்படும் முழுத் தாடை எக்ஸ்-ரே படமும், அதோடு இரண்டு மூன்று ரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால் இங்கே லேபுக்கும் ஸ்கேன் சென்டருக்கும் குறைவில்லை. பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவர், வந்த கையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டாமே என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஈறு நோயைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. படத்தையும் தாள்களையும் பார்த்து முடித்த பிறகும், இவருக்கு வந்திருப்பது எந்த நோய் என்ற முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை. அந்தப் பதிலைத் தருவது, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் இறக்கி ஆழம் அளக்கும், மில்லிமீட்டர் கோடுகள் போட்ட ஒரு மெல்லிய உலோகக் கம்பி. அதைப் புரோப் என்கிறோம்.

காட்பாடிப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவருகிறேன். பல் துலக்கும்போது ரத்தம், ஈறு வீக்கம், வாய் நாற்றம், பல் ஆட்டம் என்று ஏதோ ஒன்றோடு வருகிறவர் எந்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதற்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

எதைக் கண்டுபிடிக்க வேண்டும்?

நம் பெரியவர்கள் ஈறில் வரும் எல்லாவற்றையும் 'பயோரியா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. முதலாவது ஈறு அழற்சி. பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலத்தால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசிகிறது. ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கெடுவதில்லை. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்தவர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்து 1965-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது அடங்கிவிட்டது. இரண்டாவது, பெரியோடான்டைடிஸ் என்று நாங்கள் சீட்டில் எழுதும் பல்சூழ் அழற்சி. இதில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பிடிப்பு விட்டு, பள்ளம் ஆழமாகி, எலும்பு கரைகிறது. போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. நோயை அந்த இடத்திலேயே நிறுத்த முடியும், அவ்வளவுதான்.

முதலாவது இருந்தால் இரண்டாவதும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு நம் பக்கத்து மண்ணிலிருந்தே வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, அதே லோவும் அவரது குழுவினரும் 1986-ல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறைய எல்லோருக்கும் பல்லில் காரையும் ஈறில் அழற்சியும் இருந்தன, ஆனால் அவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவிப் பற்கள் விழுந்தன, 81 சதவீதம் பேருக்கு மிதமாக முன்னேறியது, 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. ஆகவே ரத்தம் வருகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த மூன்று கூட்டத்தில் எதைச் சேர்ந்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அழற்சி இருக்கிறதா, பிடிப்பு எவ்வளவு போயிருக்கிறது, போகும் வேகத்துக்கு என்ன காரணம் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

கண்ணால் பார்ப்பது

பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கும் இலவச முகாம்களில் டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்துச் சீட்டு எழுதுகிறோம். காரை, சொத்தை, புண், வெள்ளைப் படை போன்றவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த அளவில் முகாம் பெரிய உதவி. ஈறு நோயில் மட்டும், 'ஒன்றும் இல்லை' என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் அந்தச் சொல்லை நம்பக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறேன். பீடி, சிகரெட் புகைப்பவர்களின் ஈறு சிவந்து வீங்குவது குறைவு, ரத்தம் வருவதும் குறைவு. வெளிறி, இறுகி, பார்வைக்கு நல்ல ஈறு போலவே இருக்கும், அடியில் எலும்பு போய்க்கொண்டிருக்கும். ரத்தம் வரவில்லை என்ற நிம்மதியில் அவர்கள் பல் ஆடிய பிறகே வருகிறார்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பதினேழு வயதுப் பெண்ணை, முன்பல்லுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, கிளிப் போட வேண்டும் என்று அவள் அம்மா அழைத்து வந்தார். பற்கள் பளிச்சென்று இருந்தன, காரை என்று சொல்ல எதுவுமில்லை, ஈறும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் ஓரத்தில் புரோப்பை இறக்கினேன். 8 மில்லிமீட்டர் வரை போயிற்று. முதல் கடைவாய்ப்பற்களையும் முன்பற்களையும் மட்டும் தாக்கி, இளம் வயதில் வேகமாக எலும்பைக் கரைக்கும் வகை அது. குடும்பத்தில் அடுத்தடுத்து வரக்கூடியது என்பதால் அவள் தம்பியையும் அழைத்துவரச் சொன்னேன். அளக்காமல் கிளிப் போட்டிருந்தால் அந்தப் பற்களை நாங்களே தள்ளிவிட்டிருப்போம்.

புரோப்: குறுக்குவழியும் முழு வழியும்

புரோப் வைத்து அளப்பதிலும் இரண்டு வகை உண்டு. எது தேவை என்பதில்தான் நோயாளிக்குத் தேர்வு இருக்கிறது.

முதலாவது விரைவுப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் புரோப்பின் நுனியில் 0.5 மில்லிமீட்டர் குண்டு ஒன்று இருக்கும், 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை இருக்கும். வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மிக மோசமான இடத்துக்கு ஓர் எண் தருவோம். பட்டை முழுவதும் வெளியே தெரிந்து, ரத்தமும் காரையும் இல்லையென்றால் 0. ரத்தம் மட்டும் என்றால் 1. காரை இருந்தால் 2. பட்டை பாதி மறைந்தால் 3. முழுவதும் மறைந்தால் 4. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், தனிக் கட்டணம் கேட்பவர்களும் குறைவு. 0, 1, 2 மட்டுமே வந்தால் பெரும்பாலும் அத்தோடு நிறுத்தலாம். காரையை எடுத்து, துலக்கும் முறையைச் சரிசெய்தால் போதும். 3 வந்தால் அந்தப் பகுதியையும், 4 வந்தால் முழு வாயையும் விரிவாக அளக்க வேண்டும். இதன் குறை என்னவென்றால், ஈறு தாழ்ந்துபோனவர்களிடம் இது ஏமாந்துவிடும். பள்ளம் ஆழமில்லாமலே பிடிப்பு போயிருக்கும்.

இரண்டாவது முழு அளவீடு. ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என ஆறு இடங்கள். 28 பல் இருந்தால் 168 எண்கள். நான் எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் அட்டவணையில் குறித்துக்கொண்டே வருவார்: "மூணு, ரெண்டு, மூணு... மூணு, மூணு, ஆறு, ரத்தம்." கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் நோயாளிக்கும் மூன்றாவது பல்லுக்குள் கணக்குப் புரிந்துவிடும், ஆறு என்றதும் கண்ணைத் திறந்து பார்ப்பார். 3 வரை நல்ல ஈறு. 4-லிருந்து கவனிக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும் வேலை இது. உதவியாளர் இல்லாத கிளினிக்கில் இன்னும் கூடும். நேரமும் கட்டணமும் இதன் பாதகங்கள். அதற்கு ஈடாகக் கிடைப்பதை வேறு எந்தப் பரிசோதனையும் தருவதில்லை: எந்தப் பல், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், அங்கே ரத்தம் கசிகிறதா, பல் எவ்வளவு ஆடுகிறது, கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் இடம் வரை நோய் போயிருக்கிறதா என்பவை அத்தனையும் ஒரே தாளில் வந்துவிடும்.

பேரணாம்பட்டிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அளந்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "இன்னா டாக்டரம்மா, கம்பிய வெச்சுக் குத்திப்புட்டு ரத்தம் வருதுன்றீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பலர் மனதில் இருப்பதும் அதுதான். புரோப்பை 20 முதல் 25 கிராம் அழுத்தத்தில்தான் இறக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தின் அடியில் அதே நுனியை வைத்து, நகத்தடி வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் வலிக்காது; அதுதான் அந்த அழுத்தம். அவர் நகத்தடியிலேயே வைத்துக் காட்டினேன். நல்ல ஈறு இந்த அழுத்தத்துக்கு ரத்தம் விடாது. உள்சுவர் புண்ணாகிய ஈறுதான் விடும். அளந்த இடங்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக ரத்தம் வந்தால் ஆரோக்கியமான வாய் என்றே இப்போதைய வரையறை கொள்கிறது. ஓர் இடத்தில் ரத்தம் வந்தால் அங்கே எலும்பு போகப்போகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முறை தவறாமல் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ரத்தம் வராத இடம் நிலையாக இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். புகைப்பவர்களிடம் மட்டும் இந்த உறுதி தளர்கிறது.

புரோப் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. வீங்கிய ஈறில் நுனி திசுவுக்குள்ளேயே சற்று இறங்கி ஆழத்தைக் கூட்டிக் காட்டும். காரை தடுத்தால் குறைத்துக் காட்டும். இரண்டு பேர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். அதனால் அடுத்த முறை 1 கூடிவிட்டதென்று பதற வேண்டியதில்லை, 2 கூடினால் கவனிக்க வேண்டும். மிக முக்கியமாக, ஆழம் வேறு, பிடிப்பு இழப்பு வேறு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு மேல்நோக்கி வளர்ந்து பல்லை மூடும். அங்கே 5 மில்லிமீட்டர் ஆழம் காட்டினாலும், வளர்ந்த ஈறின் உயரமே 5 என்றால் பிடிப்பு ஒரு துளியும் போகவில்லை. மாறாக ஈறு 4 மில்லிமீட்டர் தாழ்ந்து, பள்ளம் 2 மட்டும் இருப்பவருக்கு, அட்டவணையில் '2' என்று நல்ல பிள்ளையாகத் தெரியும் இடத்தில் 6 மில்லிமீட்டர் பிடிப்பு போயிருக்கிறது. ஆகவே ஆழத்தோடு ஈறின் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதையும் எழுதாத அட்டவணை அரைகுறையானது.

அளக்காமல் விட்டதன் விலையை நானே பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து கிளீனிங் செய்துகொண்ட ஒரு பள்ளி ஆசிரியருக்கு, மேற்பரப்புக் காரையை எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட முழுமையாக அளக்கவில்லை. நான்காம் ஆண்டு மேல்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியபோதுதான் புரோப்பை எடுத்தேன். அது 9 காட்டியது. வேர் பிரியும் இடம் முழுவதும் திறந்துகிடந்தது. அந்தப் பல்லை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவர் தன் பங்கைச் செய்தார். நான் என் பங்கைச் செய்யவில்லை.

படம் எடுப்பது

இனி அந்தப் பெரிய உறைக்கு வருவோம். எக்ஸ்-ரே காட்டுவது எலும்பை. ஈறையோ அழற்சியையோ அது காட்டாது. நல்ல வாயில் எலும்பின் விளிம்பு, பல்லின் எனாமல் முடியும் கோட்டிலிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் கீழே இருக்கும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் எலும்பு போயிருக்கிறது என்று பொருள். ஆனால் எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் வரை போனால்தான் படத்தில் மாற்றம் தெரியும் என்பதால், தொடக்க நிலை நோயில் படம் 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்லும். பல்லின் கன்னப் பக்கத்திலும் நாக்குப் பக்கத்திலும் உள்ள எலும்பு, பல்லின் நிழலோடு ஒன்றாகிவிடுவதால் அங்கே போனது தெரியாது. எல்லாவற்றையும் விட, படத்தில் தெரியும் இழப்பு எப்போது நடந்தது என்று படம் சொல்லாது. பத்தாண்டுக்கு முன் வந்து ஓய்ந்த நோயும் இன்று தின்றுகொண்டிருக்கும் நோயும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குக் கண்காணிப்பு போதும், மற்றதற்கு உடனே சிகிச்சை வேண்டும். பிரித்துக் காட்டுவது புரோப் நுனியில் வரும் ரத்தமும் ஆழமும்தான்.

படங்களுக்குள்ளேயே ஒப்பிட்டால், ஓ.பி.ஜி. ஒரே எடுப்பில் இரண்டு தாடையையும் காட்டும். ஞானப்பல், கட்டி, முறிவு போன்றவற்றுக்கு மிக நல்லது. பாக்கும் புகையிலையும் மென்று வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களுக்கு வாய்க்குள் எதையும் வைக்க முடியாது, அவர்களுக்கு ஓ.பி.ஜி.தான் வழி. ஈறு நோய்க்கு அது நுட்பம் போதாத படம்: முன்பற்கள் பகுதியில் முதுகெலும்பின் நிழல் விழும், அளவும் சற்றுப் பெரிதாகித் தெரியும், மில்லிமீட்டர் கணக்குக்கு நம்ப முடியாது. வாய்க்குள் சிறிய ஃபிலிமோ ஆர்.வி.ஜி. என்ற டிஜிட்டல் சென்சாரோ வைத்து இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுக்கும் ஐ.ஓ.பி.ஏ. படம், தாங்கி வைத்து நேர்க்கோணத்தில் எடுத்தால், வேரின் நுனி வரை துல்லியமாகக் காட்டும். எலும்பு பரவலாகத் தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியும். எல்லாப் பல்லுக்கும் அதை எடுப்பது செலவும் கதிர்வீச்சும் கூட்டும். எனவே புரோப் ஆழம் காட்டிய பற்களுக்கு மட்டும் எடுப்பதே என் வழக்கம். முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன், அறுவைச் சிகிச்சையோ இம்ப்ளான்ட்டோ திட்டமிடும்போது பயன்படும். ஈறில் ரத்தம் என்று முதல் முறை வருகிறவருக்கு அதை எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கர்ப்பிணிகளுக்கு ஈறு வீக்கம் வருவது சகஜம்; அவர்களுக்குப் புரோப் அளவு தாராளமாகச் செய்யலாம், படம் அவசரம் இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம்.

ரத்தமும் உமிழ்நீரும்

ஈறு நோயைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் அதன் பின்னணியைக் காட்ட இரண்டு உண்டு. முதலாவது ஹெச்.பி.ஏ.1சி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் இதை, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் உள்ள எல்லோருக்கும், அவர்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரியாவிட்டாலும், நான் எழுதிக் கொடுக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறு நோய் சரியாகாவிட்டால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து உருவாக்கி 2018-ல் வெளியிட்ட வகைப்பாட்டில், நோயின் கடுமைக்கு நான்கு நிலைகளும் வேகத்துக்கு ஏ, பி, சி என மூன்று தரங்களும் இருக்கின்றன; ஹெச்.பி.ஏ.1சி. 7 அல்லது அதற்கு மேல் என்றாலோ, நாளைக்குப் பத்து சிகரெட் அல்லது அதற்கு மேல் என்றாலோ வேகமான 'சி' தரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கில் பீடி தனியாகச் சொல்லப்படவில்லை; நான் பீடியையும் சிகரெட்டுக்குச் சமமாகவே எண்ணுகிறேன்.

இரண்டாவது, முழு ரத்த அணு எண்ணிக்கை. இது எல்லோருக்கும் வேண்டாம். தொடாமலே ரத்தம் கசிந்தால், சில நாட்களுக்குள் ஈறு முழுவதும் பொதபொதவென்று வீங்கினால், கூடவே காய்ச்சல், சோர்வு, உடம்பில் காரணமில்லாத நீலத் தடிப்புகள் இருந்தால், அன்றே எடுக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் சில நேரம் முதலில் ஈறில்தான் தலைகாட்டும். மழைக்காலத்தில் டெங்குவில் தட்டணுக்கள் குறைந்தும் ஈறில் ரத்தம் வரும். அப்படிப்பட்டவருக்கு எண்ணிக்கை தெரியும் வரை காரை எடுக்கவோ பல் பிடுங்கவோ யாரும் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் புரோப்பும் காத்திருக்க வேண்டும், ரத்தத் தாள் முதலில் வர வேண்டும்.

மாத்திரைப் பட்டியலையும் இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் காசில்லாமல் கிடைக்கும் பரிசோதனை அது. அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகிய மூன்றும் ஈறை வளரச் செய்யக்கூடியவை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நடந்த ஊர் இது. அந்தச் சிகிச்சைக்காக வந்து, இங்கேயே அறை எடுத்துத் தங்கி இருப்பவர்கள் ஈறு வீக்கத்தோடு வரும்போது நான் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் மாத்திரைப் பையைத் திறக்கச் சொல்கிறேன். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசி மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். அதேபோல் செயற்கை இதய வால்வு வைத்திருப்பவர்கள் புரோப் வைக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகுதான் ஈறைத் தொடலாம்.

உமிழ்நீரில் குறிப்பிட்ட நொதியை அளக்கும் கிட்டும், பள்ளத்திலிருந்து சாறு எடுத்துக் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் வந்திருக்கின்றன. ஆய்வுக்கு அவை உதவுகின்றன. நோயாளியின் பையிலிருந்து காசு போகும் இடத்தில் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி இருக்கிறது என்று தாள் வந்தாலும் செய்யப்போகும் சிகிச்சை பெரும்பாலும் அதேதான், எந்தப் பல்லின் எந்தப் பக்கம் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

தசைத்துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸி மிகச் சிலருக்குத்தான். நன்றாகத் துலக்கியும், காரை எடுத்தும், ஈறு தோலுரிந்தது போல் சிவந்து எரிகிறது என்பவர்களுக்கு லைக்கன் பிளானஸ், பெம்பிகஸ் போன்ற எதிர்ப்பாற்றல் கோளாறுகள் இருக்கலாம். ஒரே இடத்தில் ஆறாத புண்ணோ வளர்ச்சியோ இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது, எந்த வரிசையில்?

வேறு நோய் இல்லாத, முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர், துலக்கும்போது மட்டும் ரத்தம் என்றால், பக்கத்தில் இருக்கும் பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலோ விரைவுப் புரோப் பரிசோதனை போதும். ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், புகைப்பவர், பல் ஆடுகிறவர், அல்லது பெற்றோருக்கு இளம் வயதிலேயே பல் விழுந்தவர் என்றால் நேராக முழு அளவீட்டைக் கேட்க வேண்டும். அதைச் செய்ய நேரமோ ஆளோ இல்லாத இடத்தில், ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறேதும் இல்லை. எந்த டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. செலவு தடையென்றால் அரசு மருத்துவமனைகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரியில் மாணவர்கள் அளப்பதால் ஒரு நாள் முழுக்க ஆகலாம். ஆனால் ஆசிரியர் மறுபடி சரிபார்ப்பதால் அங்கே எழுதப்படும் அட்டவணை பல நேரம் எங்கள் அட்டவணையைவிட முழுமையாக இருக்கிறது. கூலி இழப்பைக் கணக்கில் எடுத்தால் உள்ளூரில் கட்டணம் கொடுப்பதே லாபமாக இருக்கும் குடும்பங்களும் உண்டு; அதை அவரவர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எழுதித் தருகிறீர்களா?" எல்லாப் பல்லையும் எடுத்துவிடலாம் என்றோ, ஈறு ஆபரேஷன் என்றோ சொல்லும் இடத்தில் இந்தக் கேள்வி இன்னும் அவசியம். எண் இல்லாமல் ஓ.பி.ஜி. படத்தை மட்டும் வெளிச்சத்தில் காட்டிச் சொல்லப்படும் முடிவை, இன்னொருவரிடம் அளந்து பார்க்கும் வரை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பேரணாம்பட்டுக்காரரும் அப்படி ஒரு படத்தோடு, எல்லாப் பல்லையும் எடுத்து செட் கட்ட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லக் கேட்டு, மனம் உடைந்துதான் வந்திருந்தார். அளந்ததில் 26 பற்களில் ஐந்தில் மட்டுமே 6-க்கு மேல் இருந்தது, ஹெச்.பி.ஏ.1சி. 9.1. சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினார், பீடியைக் குறைத்துக்குறைத்து விட்டார், நான்கு முறை வந்து வேர் வரை சுத்தம் செய்துகொண்டார். மூன்று மாதம் கழித்து, பழைய அட்டவணைக்குப் பக்கத்திலேயே புதிதாக எண்களை எழுதினோம். நான்கு பற்களில் 4-க்கு இறங்கியிருந்தது, ரத்தம் இல்லை. இடது மேல்தாடைக் கடைசிப் பல் ஒன்று மட்டும் 7-லிருந்து இறங்காமல் நின்றது, ரத்தமும் வந்தது. அந்த ஒரு பல்லுக்கு ஐ.ஓ.பி.ஏ. எழுதிக் கொடுத்தேன். "பெரிய படம்தான் ஏற்கெனவே இருக்கேம்மா?" என்று உறையைத் தொட்டுக் கேட்டார். வேர் பிரியும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது அந்தப் படத்தில் தெரியாது என்றேன். அவர் அட்டவணையை நான்காக மடித்து, அந்த உறைக்குள் வைத்துக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு எழுந்து போனார்.